பூட்ஸ் காலோடு கரையேறியவர்

செங்கல்பட்டில் பழைய படம் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டுடோரியல் மாடியில் கூடுவோம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் புரொஜெக்டரில் படம் போடுவார்கள். படம் இரண்டரை மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு நடக்கிற சண்டை மூன்று மணி நேரம் ஓடும். ஆறு பேர் வந்தால் வழக்கமான கூட்டம், பத்துப் பேர் வந்தால் திருவிழா, பதினோராவது ஆள் வந்தால் வழி தவறி வந்தவர் என்று அர்த்தம்.

நானும் அப்படி வழி தவறிப் போனவள்தான். நாவலூரில் ஒரு கம்பெனியில் விடுப்பு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஒரே தாத்தாவை இரண்டு முறை சாகடித்து லீவு கேட்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு அந்த மாடிப்படியில் ஒதுங்கினேன். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்துவிட்டேன். படம் முடிந்ததும் டுடோரியலை நடத்துகிற கணக்கு ஆசிரியர் எழுந்து, தர்க்கப் பிசகே இல்லாத படம் தமிழில் இது ஒன்றுதான் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஹீரோ ஆபீசுக்குப் போற சீன்ல பின்னாடி காலண்டர் ஞாயித்துக்கிழமை காட்டுது சார்" என்றேன். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு முதல் டீயை எனக்குத்தான் கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் சட்டம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அடுத்தவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடித்தால் மரியாதை. நாம் சொன்னதில் மற்றவர் தப்புக் கண்டுபிடித்தால் ஆறு மாதத்துக்குச் சமோசா வாங்கிவருகிற வேலை. கணக்கு ஆசிரியர் என்னால் ஆறு மாதம் சமோசா சுமந்தார். ஒவ்வொரு மாதமும் பொட்டலத்தைப் பிரித்து முதல் சமோசாவை என்னிடம் நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த அம்மா என்றைக்காவது ஒரு நாள் சறுக்கும் என்று அப்போதே காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் செயலாளர் வேறு ரகம். அணுபுரம் டவுன்ஷிப்பில் குடியிருந்து, அணுமின் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பென் டிரைவாக இருந்தாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். பீரோவிலிருந்து ஒரு படத்தை எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்து, திரும்ப வைத்தால் இன்னொரு கையெழுத்து. மூடுகிற டப்பாவுக்கெல்லாம் அரக்கு வைத்து முத்திரை குத்துவார். அந்தப் பீரோவில் இருந்தவை பெரும்பாலும் காதல் படங்கள். ஆனால் அவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிற விதத்தைப் பார்த்தால் நாம் தானாகவே இரண்டடி தள்ளி நிற்போம்.

அவர்தான் என்னை வரலாற்றாளர் ஆக்கினார். நான் ஏதாவது ஒரு மாதம் பேசுவேன், அதற்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிப்பார். முதல் ஃபிளெக்ஸில் 'ஆர்வலர்', அடுத்ததில் 'ஆய்வாளர்'. மூன்றாவதில் என் புகைப்படத்துக்குக் கீழே 'திரைப்பட வராலாற்றாளர்' என்று பெரிய எழுத்தில் வந்தது. அச்சடிப்பவர் ஒரு துணைக்காலை தாராளமாகப் போட்டுவிட்டார். அந்த ஃபிளெக்ஸ் பேருந்து நிலையத்தில் பத்து நாள் தொங்கியது. என் கணவர் பத்து நாளும் என்னிடம் வரால் குழம்பு கேட்டார்.

பட்டம் வந்துவிட்டது, அதற்கு ஏற்ற கண்டுபிடிப்பு ஒன்றும் கையில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது ஒரு பாட்டுப்புத்தகம். ஒரு மீனவனைக் கதாநாயகனாக வைத்து எடுத்த பழைய படம் அது. படத்தின் பெயரை எழுத மாட்டேன், தயாரிப்பாளர் வீட்டார் மனம் நோகக் கூடாது. கடைசியில் புயலில் கதாநாயகன் கடலோடு போய்விடுவான், கதாநாயகி கரையில் நிற்பாள், வணக்கம். எங்களிடம் இருந்த பிரதியில் கடைசிப் பத்து நிமிடம் கீறலும் இருட்டுமாக இருக்கும். பாட்டுப்புத்தகத்தைக் கேட்கவே வேண்டாம். எல்லாப் பாட்டுப்புத்தகமும் போல அதுவும் கதையை முக்கால்வாசி சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று கழன்றுகொண்டது.

அந்தப் பாட்டுப்புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் மாமல்லபுரத்தில் மீன் வாங்க நின்றேன். மீன் தண்ணீர் பட்டுவிடுமே என்று புத்தகத்தை வெளியே எடுத்ததும், மீன்காரம்மா அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தெற்கே இருக்கிற ஒரு குப்பத்திலிருந்து தினமும் கூடையோடு வருகிறவர். எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டே மீன் ஆய்ந்து கொடுப்பார்.

"இந்தப் படமா! எங்க குப்பத்துல டெண்ட் கொட்டாய் போட்டிருந்தப்ப ஓடுச்சு. நல்லா இருக்கும்."

"பாவம், கடைசியில ஹீரோ செத்துடுவாரு இல்லம்மா?" என்றேன்.

மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா உனுக்கு? அதெல்லாம் கரைக்கு வந்துட்டாரு. பேன்ட் சட்டை, பூட்ஸ் அல்லாம் போட்டுகினு டக்கு டக்குனு நடந்து வருவாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே யாரும் பார்க்காத இரண்டாவது கிளைமாக்ஸ்! அடுத்த நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டுப் புத்தகத்தோடு அந்தக் குப்பத்துக்குப் போனேன். முதலில் புயல் நிவாரணக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து எல்லா வீட்டிலும் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார்கள். சினிமா என்றதும் ஏமாந்துபோனாலும் உட்காரவைத்துப் பேசினார்கள். முப்பது பேரைக் கேட்டேன். முப்பது பேரும் ஹீரோ திரும்பி வந்தார் என்றார்கள். பூட்ஸ் இருந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கறுப்பு பூட்ஸ் என்று மீன்காரம்மா அடித்துச் சொன்னார்.

ஒவ்வொருவரும் புதிதாக ஒன்று சொன்னார்கள். "பின்னால மலை தெரியும்" என்றார் ஒருவர். "அந்தப் பொண்ணு அதுக்குள்ள ஒரு சுத்து பெருத்துடுச்சு" என்றார் இன்னொருவர். "அவரு அந்தப் பொண்ண வேற ஏதோ பேர சொல்லி கூப்டுவாரு" என்றார்கள் அக்கா தங்கை இருவர். ஒரே ஒருவர்தான் ஒத்துழைக்கவில்லை. அந்தக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். இப்போது மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். படத்தின் பெயரைச் சொன்னதுமே, "எனுக்கு ஒண்ணியும் நெனப்பு இல்லம்மா, தலையில அடிபட்டுச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நல்ல வெயில். அவர் வெளியே வருகிற வழியாக இல்லை.

நான் எழுத உட்கார்ந்தேன். புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கிளைமாக்ஸ்தான். மீனவன் பூட்ஸ் போட்டுத் திரும்பி வருவது புதிய யுகத்தின் உழைப்பாளியைக் குறிக்கிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். கதாநாயகி பெருத்திருப்பதைக் கொண்டு, பல ஆண்டுகள் கடந்ததை ஒரு பெண்ணின் உடல் வழியாகவே சொல்லத் துணிந்தவர் இந்த இயக்குநர் என்றேன். கடற்கரையில் ஏது மலை என்று ஒருவராவது கேட்பார் என்று பயந்து, அது மனதின் மலை என்று எழுதினேன். வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது செல்லப் பெயராகிவிட்டது. ஆபரேட்டருக்கு அடிக்குறிப்பில் இடம் கொடுத்தேன்: துரதிர்ஷ்டவசமாக அவர் நினைவாற்றலை இழந்துவிட்டார்.

மாடியில் அதை வாசித்துக் காட்டினபோது எல்லாரும் கைதட்டினார்கள். கணக்கு ஆசிரியர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குப்பமே சொல்லுதுன்னு சொல்றீங்க. ஒரு அடி ஃபிலிம் காட்டுங்க மேடம், நம்பறேன்."

"முப்பது பேர் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்க சார். லீவுக்குக்கூட ஆளுக்கு ஒரு பொய்தான் சொல்றாங்க. தப்பா இருந்தா ஆறு மாசம் சமோசா நான் வாங்கறேன், வரலாற்றாளர்ங்கிற பேரையும் விட்டுடறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். செயலாளர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தயாரிப்பாளர் வீட்டுப் பரணில் படத்தின் முழு நெகட்டிவ் இருப்பதாகத் தெரிந்து, செயலாளர் அலைந்து திரிந்து அதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வாங்கிவந்தார். ஒரு கீறல்கூட இல்லாத முழுப் படம். அதை அந்தக் குப்பத்திலேயே போட்டு, அங்கேயே என் புத்தகத்தையும் வெளியிடுவது என்று முடிவாயிற்று. முன்கூட்டியே கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிடலாமே என்று நான் கெஞ்சினேன். டிஸ்க்குக்கு அரக்கு வைத்தாகிவிட்டது, சபை முன்னால்தான் உடைக்க வேண்டும் என்றார் செயலாளர். இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை எனக்கு. திரையில் பூட்ஸ் வந்தால் நான் வரலாற்றாளர். வராவிட்டால் துணைக்காலோடு வெறும் வரால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், குப்பத்தின் புயல் பாதுகாப்பு மையத்தில் கூடினோம். ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். புத்தகங்கள் மேடையில் ரிப்பன் கட்டி அடுக்கியிருந்தன. எங்கள் மாடியில் ஆறு பேருக்கே பழகிய நான், அன்று வாசல் வரை ஆட்கள் நிற்பதைப் பார்த்தேன். மீன்காரம்மா முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பிரியாணி என்று கேள்விப்பட்டு ஆபரேட்டரும் வந்து, கடைசிக்கு முந்தின வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். செயலாளர் கையுறை மாட்டிக்கொண்டு அரக்கை உடைத்தார். சில பெண்கள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

படம் ஓடியது. பாட்டுக்கெல்லாம் கூடவே பாடினார்கள். வில்லன் வந்தபோது ஒரு தாத்தா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். புயல் வந்தது, படகு கவிழ்ந்தது. கதாநாயகி கரையில் நின்றாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அலை வந்தது, போனது. வணக்கம் என்று வெள்ளை எழுத்தில் வந்தது. விளக்கைப் போட்டார்கள்.

கணக்கு ஆசிரியர் எழுந்தார். இத்தனை வருடம் காத்திருந்த மனிதர், அவசரப்படவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மேடம், ஏழாவது அத்தியாயம் எங்க?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சபையே கத்த ஆரம்பித்துவிட்டது. "மீதிய போடுப்பா!" "இன்னாது, பாதியில நிறுத்திட்டானுங்க!" மீன்காரம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா, நீதான கட் பண்ணிட்ட? ஆளு வர்றத எடுத்துட்டியே" என்றார். அந்த மாதிரிக் குற்றச்சாட்டை என் வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. இல்லாத காட்சியை இருக்கிறது என்று எழுதினவளாக ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதே காட்சியைத் திருடியவளாகவும் ஆகிவிட்டேன். செயலாளர் டிஸ்க்கைத் தூக்கிக் காட்டி, சபை முன்னால்தான் முத்திரையை உடைத்தேன், சபை முன்னால்தான் உடைத்தேன் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"ஆப்பரேட்டரு அண்ணாத்த! நீதான படம் போட்ட, சொல்லேன். வந்தாரா இல்லியா?" என்று மீன்காரம்மா பின்னால் திரும்பிக் கேட்டார்.

நினைவாற்றலை இழந்தவர் மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்து, "கேஸு கீஸு போட மாட்டாங்களே?" என்றார். மாட்டார்கள் என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அந்த மலை, பூட்ஸு அல்லாம் வேற படம்மா. அதே ஹீரோதான், அதுல எஸ்டேட்டு மேனேஜரா வருவாரு. கூட வர்ற பொண்ணு வேற ஆளு. பொட்டியில அந்தப் படத்து ஃபிலிமு ஒரு துண்டு கெடந்துச்சு. நான்தான் கடைசி ரீலோட ஒட்னேன்."

மேடையில் அடுக்கியிருந்த என் புத்தகங்களை யாராவது ஒரு துண்டைப் போட்டு மூடினால் தேவலை என்று இருந்தது. கணக்கு ஆசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், காட்சியைத் தெளிவாகப் பார்ப்பதற்காக. "எதுக்குங்க ஒட்டினீங்க?" என்று நான் கேட்டேன்.

"மொத நாளு உள்ளத உள்ளபடியேதான் போட்டேன். அன்னிக்குக் காலைல கடலுக்குப் போன கட்டுமரம் ஒண்ணு திரும்பல. இந்தம்மா வூட்டுக்காரரு போனது." மீன்காரம்மாவைக் கையால் காட்டினார். "இது புள்ளய கூட்டினு போவ கொட்டாய்க்கு வந்துச்சு. வந்த நேரம் கடைசி ரீலு. வணக்கம் போட்டுட்டேன், சனம் அல்லாம் போயிடுச்சு. இது மட்டும் வெறும் தெரய பாத்துகினு மணல்ல குந்திகினு கீது. எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மறுநாளு அந்தத் துண்ட எடுத்து ஒட்னேன். அப்பால கொட்டாய் இருந்த வரிக்கும் தெனம் கடைசி ரீலுக்கு வந்து நிக்கும். அவரு கரைக்கு வர்றத பாத்துட்டு போயிடும்."

மீன்காரம்மா மடியில் இருந்த பேத்தியை இறக்கிவிட்டார். அழவில்லை. மீன் பேரம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

"எங்க வூட்டு ஆளு வரல. அந்த ஆளாவது வந்தாரு. அத்தப் போயி கட் பண்ணினு வந்து காட்றீங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு மாதம் அந்த அம்மாவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பூட்ஸின் நிறம் வரை கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மைக்கை வாங்கி, நான் எழுதியது தப்பு, இப்படி ஒரு கிளைமாக்ஸை அந்த இயக்குநர் எடுக்கவே இல்லை என்று சொன்னேன். சபையில் ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. ஆபரேட்டரைச் சுற்றி நின்றுகொண்டு அந்தத் துண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை, எப்போதோ மக்கிப்போய்விட்டது என்றார் அவர்.

பிரியாணிப் பந்தியில் கணக்கு ஆசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேசப்போகிற பேச்சை நான் மனதுக்குள் பலமுறை கேட்டிருந்தேன். "ஆறு மாசம் மேடம்" என்றார். எலும்பை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து ஆரம்பிச்சா போதும். இன்னைக்கு வேணாம்."

புத்தகங்களை என்ன செய்வது என்று செயலாளர் கவலைப்பட்டார். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம், தானே கையுறை போட்டுச் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து ஒரு சிறு துண்டுச்சீட்டு அச்சடித்து, பசை தடவி ஒவ்வொரு பிரதியிலும் நானே ஒட்டினேன். பூட்ஸ் பற்றிய நான்கு பக்கங்களை அப்படியே விட்டுவிட்டேன், அது எனக்கு வேண்டிய தண்டனை. சீட்டில் ஒரே வரிதான் இருந்தது:

பிழை திருத்தம்: ஏழாம் அத்தியாயத்தில் 'இயக்குநர்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'ஆபரேட்டர்' என்று திருத்தி வாசிக்கவும்.

கடைசிப் பிரதியில் ஒட்டியதும், பசை காய்வதற்குள் அந்த அத்தியாயத்தை எடுத்து நான் சொன்னபடியே திருத்தி வாசித்துப் பார்த்தேன். கடலில் போனவனைக் கரைக்குக் கூட்டிவரும் மனம் அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆபரேட்டருக்குத்தான் இருந்தது என்று வந்தது. அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை.